யார் இந்த ரூத் வனிதா? கும்மிடிப்பூண்டி வாடகை அறைக்கும் 2,000 ஆண்டு இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர், திருமழிசை. திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் போனாலும், ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் இளம்பெண்களைப் பார்க்கலாம். வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்தவர்கள் பலர். ஹாஸ்டலில் தங்குகிறார்கள். இல்லையென்றால் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்து ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பெண்கள் ஒரே அறையில் இருப்பதை வீட்டு ஓனரும் கேட்க மாட்டார், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்க மாட்டார்.

சிக்கல் வேறொரு நாளில் தொடங்கும். ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று போன் வருகிறது. "எனக்கு வேண்டாம், நான் இவளோடதான் இருப்பேன்" என்று ஒரு பெண் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நடப்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். பெற்றோர் வண்டி பிடித்து வருவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் 'பெண்ணைக் காணவில்லை' என்று புகார் போகும். கூட இருந்த பெண் மீது 'கடத்தினாள்' என்று இன்னொரு புகார். பஞ்சாயத்தில் கட்டாயம் ஒருவர் சொல்வார்: "இதெல்லாம் வெளிநாட்டுக் கலாசாரம், நம்ம ஊர்ல ஏதுமா?"

அந்தக் கடைசி வரி உண்மையா என்று 40 வருஷமாகத் தேடியவர்தான் பேராசிரியர் ரூத் வனிதா. தன்னை வெளிப்படையாக லெஸ்பியன் என்று சொல்லிக்கொள்ளும் பெண்ணிய ஆய்வாளர், செயல்பாட்டாளர், எழுத்தாளர்.

முதலில் ஒரு பத்திரிகை

1955ல் பிறந்த ரூத் வனிதா, டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். அதே பல்கலைக்கழகத்தின் மிராண்டா ஹவுஸ் பெண்கள் கல்லூரியிலும், பிறகு ஆங்கிலத் துறையிலும் பாடம் நடத்தினார்.

ஆனால் அவர் பெயர் முதலில் வெளியே தெரிந்தது வகுப்பறையால் அல்ல, 'மானுஷி' பத்திரிகையால். 1978ல் மது கிஷ்வரும் ரூத் வனிதாவும் சேர்ந்து தொடங்கிய இந்தப் பத்திரிகை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் வெளிவந்தது. வரதட்சணைக் கொலைகள், கூலி, நில உரிமை, வாசகிகளின் கடிதங்கள் என்று மற்ற பெண்கள் பத்திரிகைகள் தொடாத விஷயங்களை எழுதினார்கள். கோலப்போட்டிக்கும் சமையல் குறிப்புக்கும் அதில் இடமில்லை. பக்தி இயக்கப் பெண் கவிஞர்களுக்காகவே ஒரு சிறப்பிதழ் போட்டார்கள், அதில் நம்ம ஆண்டாளும் உண்டு. ஜார்க்கண்ட் பகுதியின் ஹோ பழங்குடிப் பெண்களுக்கு நிலத்தில் வாரிசுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கும் இந்தப் பத்திரிகை வட்டத்திலிருந்து எழுந்ததுதான்.

1991 வரை ரூத் வனிதா அதன் இணை ஆசிரியர். அந்தப் 13 ஆண்டுகளில் அவர் கற்றுக்கொண்டது பின்னால் உதவியது. பெண்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வதை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே கேட்டு எழுதும் பழக்கம் அது.

பெண்ணிய இயக்கம் இதை ஏற்றுக்கொண்டதா?

உடனே இல்லை. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1980களில் பெண்கள் அமைப்புகள் வரதட்சணை, பாலியல் வன்முறை, விலைவாசி என்று தெருவில் நின்று போராடிய காலம். பெண்ணை நேசிக்கும் பெண்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால், 'இது நம்ம நாட்டுப் பிரச்சினை இல்லை, பணக்காரப் பிரச்சினை' என்ற பதில் இயக்கத்துக்குள்ளேயே வந்தது. 1994ல் மும்பையில் தன்பாலீர்ப்பு ஆண்களின் மாநாடு ஒன்று நடக்கவிருந்தபோது, அதைத் தடை செய்யச் சொல்லி பிரதமர் நரசிம்ம ராவுக்குக் கடிதம் எழுதியவர் மதவாத அமைப்பின் தலைவர் அல்ல. இடதுசாரி மாதர் சங்கமான இந்திய மாதர் தேசிய சம்மேளனத்தைச் சேர்ந்த விமலா ஃபரூக்கி.

4 வருஷம் கழித்து, 1998 டிசம்பரில், தீபா மேத்தாவின் 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டர்களைச் சிவசேனாவினர் அடித்து நொறுக்கினார்கள். டெல்லி ரீகல் தியேட்டர் வாசலில் அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில், இந்தியராகவும் லெஸ்பியனாகவும் இருப்பதாக அறிவிக்கும் பதாகையைப் பெண்கள் முதல்முறையாகப் பகிரங்கமாகத் தூக்கினார்கள். அந்தச் சமயம் ரூத் வனிதா அமெரிக்காவில் இருந்தார். 1997ல் மொன்டானா பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். ஆனால் 'இந்தியரும்தான், லெஸ்பியனும்தான்' என்ற அந்த வாதத்துக்குத் தேவையான ஆதாரத்தைத்தான் அவர் அப்போது திரட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கு?

2000ல் வெளிவந்தது 'சேம்-செக்ஸ் லவ் இன் இந்தியா'. ரூத் வனிதாவும் வரலாற்றாசிரியர் சலீம் கித்வாயும் சேர்ந்து தொகுத்தது. கித்வாய் டெல்லி ராம்ஜஸ் கல்லூரியில் மத்திய கால வரலாறு நடத்தியவர். கனடாவில் படித்தபோது, 1977ல் மான்ட்ரியலில் ஒரு பாரில் நடந்த போலீஸ் ரெய்டில் கைதானவர். 2021ல் காலமானார். சம்ஸ்கிருதமும் இந்தியும் ஒருவர் பொறுப்பு, பாரசீகமும் உருதும் இன்னொருவர் பொறுப்பு என்று ஏறக்குறைய பிரித்துக்கொண்டு, மற்ற மொழிகளுக்கு மொழிபெயர்ப்பாளர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

மகாபாரதம், புராணங்கள், காமசூத்திரம், சூஃபி கவிதைகள், பாபரின் சுயசரிதை, வங்காள ராமாயணம், ஓவியர் அம்ரிதா ஷேர்-கில்லின் கடிதங்கள், விக்ரம் சேத்தின் கவிதை என்று 2,000 ஆண்டுகளுக்கும் மேலான எழுத்துகள் ஒரே அட்டைக்குள் வந்தன. தமிழிலிருந்து அம்பையின் சிறுகதை ஒன்றும் அதில் இருக்கிறது.

ஒரு உதாரணம் பார்த்தால் போதும். கிருத்திவாசர் எழுதிய வங்காள ராமாயணத்தில் பகீரதன் பிறந்த கதை வருகிறது. ஆமா, கங்கையை பூமிக்குக் கொண்டுவந்த அதே பகீரதன்தான். திலீப மகாராஜா வாரிசு இல்லாமல் இறந்துவிடுகிறார். குலம் அற்றுப்போய்விடக் கூடாதே என்று சிவபெருமான் வந்து அவருடைய இரண்டு விதவை ராணிகளுக்கும் வரம் கொடுக்கிறார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நேசித்து வாழ, அந்த உறவில் பிறக்கிறான் பகீரதன். இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. வங்காளத்தில் வீடு வீடாகப் படித்த ராமாயணம் இது.

'இப்படி ஒரு கதை இருந்தால், அந்தக் காலத்துச் சமூகம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தமா?' நியாயமான கேள்வி. ரூத் வனிதாவும் அப்படிச் சொல்வதில்லை. கண்டிப்பும் இருந்தது, கேலியும் இருந்தது, சாஸ்திரங்களில் சின்னச் சின்ன தண்டனைகளும் இருந்தன. ஆனால் இதற்காக ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொன்ற வரலாறு, ஐரோப்பாவில் இருந்தது போல இங்கே இல்லை என்பது அவர் வாதம். வெளியிலிருந்து வந்தது காதல் இல்லை, 1860ல் ஆங்கிலேயர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவுதான் என்கிறார். பெண்கள் மீது அந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்துமா என்பதே சட்டப்படி சந்தேகம். ஆனால் ஸ்டேஷனில் வைத்து மிரட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

கூச்சம் எப்போது வந்தது என்பதற்கும் அவர் ஒரு தடயம் பிடித்தார். 18, 19ம் நூற்றாண்டு லக்னோவில் 'ரேக்தி' என்றொரு உருதுக் கவிதை வகை இருந்தது. பெண்களின் பேச்சு மொழியில், பெண்ணின் குரலில் பாடுவது. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் பெண்ணின் காதலிக்குத் தனிச் சொற்களே உண்டு. ஒன்று 'தோகானா', ஒரே ஓட்டுக்குள் இரட்டைப் பருப்பு கிடைத்தால் அதைப் பகிர்ந்துகொள்ளும் ஜோடி. இன்னொன்று 'ஸனாக்கி', கோழியின் கவை எலும்பைச் சேர்ந்து உடைத்து உறவு உறுதி செய்துகொள்ளும் ஜோடி. பிற்காலத்துப் பதிப்பாசிரியர்கள் இந்தக் கவிதைகளை ஆபாசம் என்று ஒதுக்கினார்கள். பாட்டு போனது, அதோடு சொல்லும் போனது. இதைப் பற்றி 2012ல் தனிப் புத்தகமே எழுதினார்.

கோயில் திருமணமும் இரட்டைத் தற்கொலையும்

அவருடைய புத்தகங்களில் மனதை அதிகம் அசைப்பது 2005ல் வந்த 'லவ்ஸ் ரைட்'. இது பழைய ஏடுகளைப் பற்றியது இல்லை, செய்தித்தாள்களைப் பற்றியது.

1980 முதல் இந்தியப் பத்திரிகைகளில் மூலையில் வந்த சின்னச் செய்திகளை அவர் சேர்த்தார். ஒரு பக்கம், இரண்டு பெண்கள் கோயிலில் மாலை மாற்றிக்கொண்ட செய்தி. இன்னொரு பக்கம், பிரித்துவிடுவார்கள் என்று பயந்து இரண்டு பெண்கள் சேர்ந்தே உயிரை விட்ட செய்தி. கேரளம், குஜராத், மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று வெவ்வேறு மாநிலங்கள், ஒருவரையொருவர் தெரியாத ஜோடிகள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் யார் என்பது. பெரும்பாலும் பெருநகரத்து ஆங்கிலம் பேசும் பெண்கள் இல்லை. சிறு நகரத்திலும் கிராமத்திலும் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள், படித்துக்கொண்டிருந்தவர்கள். எந்த அமைப்பிலும் இல்லை. 'லெஸ்பியன்' என்ற சொல்லே பலருக்குத் தெரியாது. கல்யாணம் என்ற சொல் மட்டும் தெரியும். அதனால் கல்யாணம் செய்துகொண்டார்கள். 'வெளிநாட்டைப் பார்த்துக் கெட்டுப்போச்சு' என்ற குற்றச்சாட்டு இங்கேதான் நிற்க முடியாமல் விழுகிறது.

1987ல் மத்தியப் பிரதேசத்தில் இரண்டு பெண் போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் திருமணம் செய்துகொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் துறை அவர்களை வேலையை விட்டு நீக்கியது. ஆனால் ஒருத்தியின் குடும்பம் இருவரையும் வீட்டில் வைத்துக்கொண்டது. அரசு தள்ளிய இடத்தில் குடும்பம் கைகொடுத்தது. இதற்கு நேர் எதிராகக் குடும்பமே எமனான கதைகளும் அதே புத்தகத்தில் வரிசையாக இருக்கின்றன.

தமிழ்நாடு இதற்கு விலக்கு இல்லை. புத்தகம் வந்து 3 வருஷத்தில், 2008 மே மாதம், வடசென்னையில் வீட்டார் பிரித்து வைத்த இரண்டு பெண்கள் சேர்ந்தே இறந்துபோனார்கள். இருவரும் சின்னப் பெண்கள் இல்லை, 40 வயதை ஒட்டியவர்கள்.

(தற்கொலை எண்ணம் வந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மனஸ் 14416, சென்னை சினேகா 044-24640050.)

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பதில்

சமயம் இதற்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாமல், சமயப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் ரூத் வனிதா தேடினார். 'மனிதக் கணினி' சகுந்தலா தேவியை எல்லோருக்கும் தெரியும். அவர் 1977லேயே தன்பாலீர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அதற்காக ஸ்ரீரங்கம் கோயிலைச் சேர்ந்த சம்ஸ்கிருத அறிஞர் ஸ்ரீனிவாச ராகவாச்சாரியாரைச் சந்தித்துக் கேட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: போன ஜென்மத்தில் ஆணும் பெண்ணுமாக நேசித்தவர்களாக இருப்பார்கள். உடம்பு மாறலாம், ஆத்மாவின் பற்று மாறாது. அதனால் மறுபடி ஒருவரையொருவர் தேடுகிறார்கள்.

ரூத் வனிதா இந்தப் பதிலை விடாமல் பிடித்துக்கொண்டார். நவீனப் படிப்பு எதுவும் இல்லாமல், கையிலிருந்த மரபை வைத்தே ஒரு வைணவப் பெரியவர் இரக்கமான முடிவுக்கு வந்திருக்கிறாரே என்பது அவருடைய ஆச்சரியம்.

இந்த இடத்தில்தான் அவர் மீது விமர்சனமும் வருகிறது. மரபை அளவுக்கு மீறி அழகாகக் காட்டுகிறார், அதே மரபுதான் சாதியையும் பெண்ணடிமையையும் காத்தது என்று பெண்ணியர் சிலர் சொல்கிறார்கள். திருமணமே பெண்ணைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு, அதற்குள் போக ஏன் வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்விகள் இல்லை இவை. ஆனால் ஒன்று: கோயிலுக்குப் போய் மாலை மாற்றிய அந்தப் பெண்களுக்குக் கையில் கிடைத்த ஒரே மொழி மரபின் மொழிதான்.

அவரும் 2000ல் தன் இணையை இந்து, யூத முறைப்படி திருமணம் செய்துகொண்டார். அமெரிக்கா முழுக்க அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லுபடியானது 2015ல்தான்.

தாலி முதலில், சட்டம் பிறகு

சடங்கும் சமூகமும் முதலில், அரசின் அங்கீகாரம் பிறகு என்ற அவருடைய வாதம் தமிழர்களுக்குப் புதிதாக இருக்காது. சுயமரியாதைத் திருமணத்தை நினைத்துப் பாருங்கள். 1920களின் இறுதியிலிருந்து ஐயர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் ஆயிரக்கணக்கில் நடந்தன. 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்றது. அதற்காக அந்தத் தம்பதிகள் பிரிந்து போய்விடவில்லை. 1967ல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் வந்தது, பழைய திருமணங்களும் செல்லும் என்று ஆனது.

2022 ஆகஸ்டில் சென்னையில் ஒரு திருமணம் நடந்தது. கனடாவில் வசிக்கும் தமிழ்ப் பெண் ஒருவரும் வங்கதேசத்துப் பெண் ஒருவரும் தமிழ்ப் பிராமண முறைப்படி, பெற்றோர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் அப்பா மடியில் மகள் உட்கார்ந்த அந்தப் படங்களைப் பார்த்த யாரும் அதைக் கல்யாணம் இல்லை என்று சொல்லியிருக்க முடியாது.

ரூத் வனிதா இப்போது நாவலும் எழுதுகிறார். 2020ல் வந்த 'மெமரி ஆஃப் லைட்' பழைய லக்னோவில் இரண்டு கணிகையரின் காதல் கதை. 2024ல் 'எ ஸ்லைட் ஆங்கிள்'.

சரி, இன்றைக்குச் சட்டம் என்ன சொல்லுது?

377வது பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009ல் தளர்த்தியது. 2013ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6ம் தேதி உச்ச நீதிமன்றமே, வயது வந்த இருவர் சம்மதத்துடன் இருப்பது குற்றமில்லை என்று முடித்து வைத்தது. திருமண உரிமை மட்டும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17ம் தேதி 5 நீதிபதிகள் அமர்வு, அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின.

கும்மிடிப்பூண்டி அறையில் இருக்கும் அந்த இரண்டு பெண்களுக்கு உடனடியாக உதவுவது டெல்லித் தீர்ப்புகளை விட சென்னைத் தீர்ப்புகள்தான். மதுரையிலிருந்து தப்பி சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கை 2021ல் விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியல் நிபுணரிடம் போய் அமர்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். 2021 ஜூன் 7ம் தேதி உத்தரவின்படி, 'காணவில்லை' புகாரை விசாரித்ததில் இருவரும் வயது வந்தவர்கள், விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். தொந்தரவு செய்யக் கூடாது. 'சரிசெய்கிறேன்' என்று சிகிச்சை கொடுப்பதற்கும் தடை. 2022ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதியிலேயே இது சேர்ந்தது. அதே ஆண்டு, பத்திரிகைகளும் அதிகாரிகளும் பயன்படுத்த வேண்டிய மரியாதையான சொற்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. 'தன்பாலீர்ப்பு', 'பால்புதுமையர்' போன்ற சொற்கள் அரசுக் காகிதத்துக்குள் வந்தது அப்படித்தான்.

2025 மே 22ம் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது. 25 வயதுப் பெண்ணை வீட்டார் அடைத்து வைத்திருப்பதாக அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட்டார். வேலூர் மாவட்டத்தில் நடந்தது. போலீஸ் அந்தப் பெண்ணை வீட்டாரோடு அனுப்பி வைத்திருந்தது. மனுவில் அவர் தன்னை 'நெருங்கிய தோழி' என்று மட்டும்தான் எழுதியிருந்தார். அந்தத் தயக்கம் ஏன் என்று தங்களுக்குப் புரிகிறது என்றார்கள் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும். மகள் கெட்டுப்போய்விட்டாள் என்று அழுத தாயைப் பார்த்து, எல்லாத் தாயும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்றும் குறிப்பிட்டார்கள். விக்ரம் சேத்தின் தாயும் முன்னாள் தலைமை நீதிபதியுமான அதே லீலா சேத்.

திருமணம் மட்டும்தான் குடும்பமாக வழி என்றில்லை, தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று அந்த அமர்வு எழுதியது. அந்தப் பெண் எங்கே போக விரும்புகிறாரோ அங்கே போகலாம், வீட்டார் தடுக்கக் கூடாது, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பு கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. இந்த உத்தரவுகள் தமிழ்நாட்டின் எல்லாக் காவல் நிலையத்துக்கும் வழிகாட்டி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனையும் சேர்த்து.